வேண்டாம் என்று சொன்னவன்

இந்த நாற்காலியில் யாரும் இல்லை. உட்காருங்கள் தம்பி. மேளச் சத்தம் இங்கேதான் கொஞ்சம் குறைவு.

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பெண் வீட்டுப் பக்கமா, மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா? வேன் டிரைவரா? அருப்புக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டி வந்த வேனா? நல்லது. சொந்தக்காரர் இல்லை, வாடகைக்கு வந்தவர். அப்படியென்றால் பேசலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நான் வாயைத் திறப்பதில்லை தம்பி. முப்பது வருஷமாக என் தொழிலே அதுதான்.

நான் கோயம்புத்தூர். பெண்ணின் அப்பா இருக்கிறாரே, தவசிலிங்கம், அதோ வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு நிற்கிறார், அவர் நேரில் வந்து பத்திரிகை வைத்தார். வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் தட்டில் வைத்து, முறையாக. நான் வீட்டில்தான் இருந்தேன். உள் அறையை விட்டு வெளியே வரவில்லை. என் மனைவிதான் வாங்கிக்கொண்டாள். "பாவம் அந்த மனுசன், எட்டி எட்டி ரூமைப் பார்த்துட்டே இருந்தாரு. ஒரு வார்த்தை பேசினா என்னங்க?" என்றாள். என்ன பேசுவது? எனக்கு அவர் செய்த காரியத்துக்கு?

ஆனாலும் வந்திருக்கிறேன். மொய் வைக்க இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறேன். எனக்கு ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று, நாலு பேர் முன்னால், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். தாலி கட்டுவதற்கு முன்னாலா, பின்னாலா என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்? சண்டைக்கு வரவில்லை. கேள்வி கேட்பது சண்டை ஆகுமா?

சொல்கிறேன், கேளுங்கள். நேற்று சாயங்காலம் தவசிலிங்கம் உங்கள் ஆட்களையெல்லாம் வில்லாபுரத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் அப்பள மெஷின் காட்டினாராமே? நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீளமாக, பளபளவென்று, மாலையெல்லாம் போட்டு. அந்த மெஷின்தான் விஷயம். அதை நான் விற்கவில்லை. விற்கவில்லை என்பதுதான் என் வருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். வாங்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

எங்கள் கம்பெனியில் தின்பண்ட மெஷின்கள் செய்கிறோம். முறுக்கு, கடலைமிட்டாய், அப்பளம், எல்லாவற்றுக்கும். நான் விற்பனைப் பிரிவு. எனக்கென்று ஒரு முறை உண்டு. யாராவது மெஷின் வேண்டும் என்று கேட்டால் உடனே விலை சொல்ல மாட்டேன். போய், அவர்கள் இடத்தில் ஒரு பகல் முழுக்க உட்காருவேன். என்ன செய்கிறார்கள், எங்கே தடைபடுகிறது, எவ்வளவு வீணாகிறது, கரண்ட் எப்படி, எல்லாம் கேட்பேன். அவர் கேட்பது ஒன்றாக இருக்கும், அவருக்குத் தேவை வேறொன்றாக இருக்கும். அதைக் கண்டுபிடித்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் இது வாங்குங்கள், இது வேண்டாம் என்று சொல்வேன். எங்கள் மேனேஜர் கனகசபை கிண்டல் செய்வார். "நம்ம ஆளு போனா மெஷின் விக்காது. வேண்டாம்னு சொல்லிட்டு, காபி குடிச்சிட்டு வந்துருவாரு" என்பார். சொல்லட்டும். ஆனால் ஊர் ஊராக என் பெயரைச் சொன்னால், அந்த ஆள் தேவையில்லாததைத் தலையில் கட்ட மாட்டார் என்பார்கள். நான் சம்பாதித்தது அந்த ஒன்றுதான் தம்பி.

தவசிலிங்கத்தை ஒரு கண்காட்சியில் பார்த்தேன். எங்கள் பெரிய அப்பள மெஷினை அங்கே ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் மாவைப் போட்டால் மறுபக்கம் காய்ந்த அப்பளமாக வந்து விழும். எல்லாரும் மாவு போடுகிற பக்கமும் அப்பளம் விழுகிற பக்கமும் நின்றார்கள். இவர் மட்டும் நாலடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, மொத்தமாக மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் தூரத்தில் நின்று பார்ப்பாரே, அப்படி. பிறகு என்னிடம் வந்தார்.

"அண்ணே, இது முழுக்க எவர்சில்வரா?"

"மேல் தகடு எல்லாம் எவர்சில்வர்தானுங்க."

"வருசக்கணக்கா மினுமினுன்னு இப்படியே இருக்குமா?"

மினுமினுப்பைப் பற்றிக் கேட்கிற வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை. அது முக்கியமில்லை, நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ உளுந்து மாவு போடுகிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார். அந்த மெஷினுக்கு அது காலைப் பலகாரம் மாதிரி. சூடாகி முடிப்பதற்குள் மாவு தீர்ந்துவிடும். எனக்குச் சந்தேகம் அப்போதே வந்துவிட்டது. ஆனாலும் பார்க்காமல் சொல்லக்கூடாது இல்லையா? வில்லாபுரத்துக்கு வந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து அப்பளம் தேய்க்கிறார்கள். பாக்கெட்டின் மேல் 'வினோதினி அப்பளம்' என்று போட்டு ஒரு குழந்தைப் படம். அந்தக் குழந்தைதான் இப்போது உள்ளே மணப்பெண். நான் போய் உட்கார்ந்ததும் மூக்கம்மா என்று ஒரு அம்மா, எல்லாருக்கும் மூத்தவர், குழவியை நிறுத்தாமலே கேட்டார்.

"என்ன சார், எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்ப வந்திருக்கீகளாக்கும்?"

"இல்லைங்க. சும்மா பார்க்க வந்தேன்."

"பார்க்க வந்தவரு பார்த்துட்டுப் போகணும். இவரு என்னத்தயோ அளந்துல்ல போறாரு. அடியே பேச்சி, உன் கையையும் அளந்துக்கிடச் சொல்லு. மெஷினுக்கு மாட்டுறதுக்கு ஆகும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அப்படி உட்கார்ந்திருப்பது பிடிக்கும். அன்று மட்டும் இல்லை, அதற்குப் பிறகும் பல தடவை வந்தேன். வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை. தவசிலிங்கத்தின் வீட்டுச் சாப்பாடுதான் ஒவ்வொரு தடவையும். அவர் மனைவி பொன்னுத்தாய் எனக்கென்று வெந்தயக் குழம்பு வைப்பார். சொந்தத் தங்கை வீட்டுக்கு வருவதுபோல வந்து போய்க்கொண்டிருந்தேன் தம்பி. அதனால்தான் இப்படி வலிக்கிறது.

ஐப்பசி மழையில் வந்தபோதுதான் உண்மையைப் பிடித்தேன். தேய்ப்பதில் அவர்களுக்கு ஒரு தடங்கலும் இல்லை. அந்தப் பெண்களின் கை, மெஷினைவிட வேகம். தடங்கல் காய்வதில். மழை பிடித்தால் தேய்த்த அப்பளமெல்லாம் ஈரம் குடித்து, ஒட்டி, பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போகிறது. அவருக்குத் தேவை அந்த நீள மெஷின் இல்லை. ஒரு சின்ன டிரையர். ஒரு அலமாரி உயரம், உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கினால் சூடான காற்று சுற்றி வந்து காயவைத்துவிடும். அதைப் பின்பக்கம் ஒரு மூலையில் வைத்துவிடலாம்.

எனக்கு அன்று இருந்த சந்தோஷம் சொல்ல முடியாது. வைத்தியருக்கு நோய் பிடிபட்ட மாதிரி.

கேள்வி கேட்கவில்லை என்று என்னை யாரும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கேட்டேன். மாவில் ஈரம் எவ்வளவு, அப்பளக்காரம் எங்கே வாங்குகிறீர்கள், கரண்ட் எத்தனை முறை போகிறது, எல்லாம். தவசிலிங்கம்தான் எதற்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டார். நான் ஈரத்தைக் கேட்டால் அவர் வேறெங்கோ போவார்.

"அண்ணே, வாசக்கதவைத் திறந்தா மெஷின் தெரியணும்ணே. அப்படி வைக்கலாமா?"

"வாசல்ல தூசி வருமுங்க. பின்பக்கம்தான் நல்லது."

"தூசியைத் துடைச்சுக்கிடலாம்ணே. வர்றவங்க கண்ணுல முதல்ல அதுதான் படணும்."

"யாருங்க வர்றவங்க? கடைக்காரங்களா?"

"யாரோ வருவாங்கல்ல" என்று சிரிப்பார். உடனே பெண்ணைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். வினோதினிக்கு வரன் பார்க்கிறோம், அருப்புக்கோட்டையில் ஒரு இடம், பெரிய பலசரக்குக் கடை, மாப்பிள்ளையின் அப்பா வன்னியராஜன் என்றால் அந்தப் பக்கம் தெரியாதவர்கள் இல்லை, நாமோ தகரக் கொட்டகைக்காரர்கள், அவர்கள் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிவோமோ என்று. மனுஷனுக்கு ஆயிரம் கவலை இருக்கும். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பேச்சை மெதுவாக ஈரத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவேன். பேச்சு திசை மாறினால் திருப்பிக்கொண்டு வருவதும் என் தொழிலில் ஒரு கலை.

பிறகு அந்த நாள். முதல் நாள் போன் செய்தார்.

"அண்ணே, நாளைக்கு அருப்புக்கோட்டைக்காரங்க வர்றாங்க. நீங்களும் வந்துருங்க. வந்து நம்ம மெஷினைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

வந்தேன். கூடத்தில் நாற்காலி போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தட்டுகளில் ஜாங்கிரி, காராபூந்தி, பழம். வினோதினி பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் ஏதோ பூஜை போல என்று நினைத்துக்கொண்டேன். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் தம்பி? யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

தவசிலிங்கம் எழுந்து என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "இவருதான் நம்ம இன்ஜினியர். கோயம்புத்தூர்லருந்து வந்திருக்காரு. பெரிய மெஷின் ஒண்ணு போடறோம்ல, அதுக்காக மாசக்கணக்கா அலையறாரு" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்ஜினியர் இல்லை. அதைத் திருத்துவதற்குள், நடுவில் உட்கார்ந்திருந்த வெள்ளை வேட்டிக்காரர், மாப்பிள்ளையின் அப்பா வன்னியராஜன், "எப்ப வருது மெஷின்?" என்று என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன். அத்தனை மாதம் அலைந்து கண்டுபிடித்ததை எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"அந்த மெஷின் இவங்களுக்கு வேண்டாமுங்க. இவங்க போடற மாவுக்கு அது ரொம்பப் பெருசு. வாங்கினா சும்மாதான் நிக்கும். இவங்களுக்கு ஒரு சின்ன டிரையர் போதும்" என்று ஆரம்பித்து, மழையில் எவ்வளவு வீணாகிறது, பூசணம் எப்படிப் பிடிக்கிறது என்பதுவரை விளக்கினேன். கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு கவனமாகக் கேட்டார்கள். வன்னியராஜன் மட்டும் நடுநடுவே அறிவாக இரண்டு கேள்வி கேட்டார். விற்பவனாக இருந்துகொண்டு வேண்டாம் என்கிறீர்களே என்று ஆச்சரியப்பட்டார். இப்படி ஒருவர் கேட்டால் சொல்வதற்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது!

அவர்கள் போன பிறகு தவசிலிங்கம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொன்னுத்தாய் தட்டுகளை எடுக்கக்கூட வரவில்லை.

"அண்ணே, இன்னைக்குத்தானா அதைச் சொல்லணும்?"

"என்னைக்குச் சொன்னாலும் அது உண்மைதானுங்களே."

"உண்மைதான்" என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டுப் போங்கள் என்று அன்று யாரும் சொல்லவில்லை. நானும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த மாதம் டிரையர் விஷயமாகப் பேசக் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. பிறகு கேள்விப்படுகிறேன், திருச்சியில் இன்னொரு கம்பெனி, அதில் ஜெரால்டு என்று ஒரு பையன், அவன் அதே மாதிரி நீள மெஷினைத் தவசிலிங்கத்துக்கு விற்றுவிட்டான். வேலைக்குச் சேர்ந்தே இரண்டு வருஷம் இருக்காது. அவனை ஒரு நாள் டீக்கடையில் பிடித்தேன்.

"எத்தனை தடவைப்பா போனே வில்லாபுரத்துக்கு?"

"போகவே இல்லை சார். போன்லதான் பேசினேன்."

"போகாமயேவா? என்ன கேட்டே அவர்கிட்ட?"

"என்னத்தைக் கேக்கறது? எப்ப வேணும்னு கேட்டேன். தை பொறக்கறதுக்குள்ள வாசல்ல நிக்கணும், பொண்ணுக்குக் கல்யாணம்னாரு. சரின்னேன். முடிஞ்சுபோச்சு."

இதுவெல்லாம் ஒரு கேள்வியா தம்பி? எப்போது வேண்டும் என்று யார்தான் கேட்க மாட்டார்கள்? காய்கறிக்காரன்கூடக் கேட்பான். மாவில் எவ்வளவு ஈரம் என்று அவனுக்குத் தெரியுமா?

இந்த ஆர்டர் போனதும் கனகசபை என்னை உதிரி பாகம் கொடுக்கிற கவுண்டரில் உட்காரவைத்துவிட்டார். போல்ட்டும் பெல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். போகட்டும். நான் முட்டாள் இல்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற இடத்தில் கொஞ்சம் எடுப்பாகத் தெரியத்தான் அந்த மெஷின் என்று பிற்பாடு எனக்குப் புரிந்துவிட்டது. என் மனைவியும் அதைத்தான் சொன்னாள். "அவர் எங்க ஆரம்பிச்சாலும் பொண்ணுலதானே வந்து நின்னாரு, உங்களுக்குக் காதுல விழலையா?" என்றாள். என் காதில் ஏன் விழ வேண்டும்? என்னிடம் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டாமா? அண்ணே, எனக்கு அப்பளத்துக்காக இல்லை, இதுக்காக வேணும் என்று ஒரு வார்த்தை? வெந்தயக் குழம்பு வைத்துப் போட்டுவிட்டு, முக்கியமானதை மறைத்துவிட்டார்கள். ராத்திரி படுத்தால் இதுதான் ஓடுகிறது. நான் கேட்டது குறைவா? இல்லை, அவர் சொன்னது குறைவா? திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். கணக்கு என் பக்கம்தான் சரியாக வருகிறது. அப்படி வந்தாலும் தூக்கம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

என்ன சொன்னீர்கள்? நேற்று மெஷினைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வேனில் யாரும் பேசவில்லையா? எப்படிப் பேசுவார்கள்? அவ்வளவு பெரிய மெஷினைப் பார்த்து வாயடைத்துப் போயிருப்பார்கள். தவசிலிங்கம் நினைத்தது நடந்துவிட்டது. நான்தான் நடுவில் கெட்டவன்.

இருங்கள். வன்னியராஜன் என்னைப் பார்த்துக் கை காட்டுகிறார். என்னைத்தானா? என்னைத்தான். என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு வருகிறேன். இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

இங்கேதான் இருக்கிறீர்களா. தண்ணீர் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள் தம்பி.

ஜெனரேட்டர் பக்கம் தனியாகக் கூட்டிப்போனார். அங்கே போனதும், "உங்களை ஒண்ணு கேக்கணும். தாலி கட்ட இன்னும் நேரமிருக்கு" என்றார். அந்த "நேரமிருக்கு" என்பதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"அன்னைக்கு அந்த மெஷின் வேண்டாம்னு சொன்னீங்க. விக்க வந்த ஆளே வேண்டாம்கிறாரு, அந்த வீட்டுக்காரரும் மறுத்துப் பேசாமக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. அன்னைக்கு வீட்டுக்குப் போய் என் சம்சாரத்துகிட்டச் சொன்னேன், இது அடக்கமான வீடு, இங்கயே முடிச்சிரலாம்னு. அந்தத் தகரக் கொட்டகையைப் பார்த்துத்தான்யா நான் சம்மதிச்சேன். நேத்து போய்ப் பார்த்தா அதே மெஷின் மாலை போட்டுக்கிட்டு வாசல்ல நிக்குது."

இன்னும் கிட்டே வந்தார் தம்பி.

"எங்க மூத்தவனுக்கு அப்படி ஒரு வீட்டுலதான் பொண்ணு எடுத்தோம். ஊர் மெச்ச வாழறவங்க. இன்னைக்கு வரைக்கும் பட்டுக்கிட்டிருக்கோம். அந்தப் பகட்டு இங்கயும் உண்டுன்னா எனக்கு இப்பவே தெரியணும். பின்னால அழறதுக்கு இப்பவே கசப்பை முழுங்கிட்டு வேனைத் திருப்பிரலாம். உங்களுக்கு அவரைத் தெரியும். எதுக்கு வாங்கினாரு?"

பார்த்தீர்களா? அந்த மெஷினைப் பார்த்து மயங்க அங்கே ஆளே இல்லை. தவசிலிங்கம் தானாக ஒன்றை நினைத்துக்கொண்டு, தானாகப் போய் வாங்கி, தானாக மாலை போட்டிருக்கிறார். சம்பந்தம் பேசுகிறவரிடம், உங்களுக்கு என்ன வேணும், எதைப் பார்ப்பீர்கள் என்று தவசிலிங்கம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? கேட்காமல் ஒரு மனுஷன் இப்படி ஒரு காரியத்தில் இறங்குவானா? எனக்கு அங்கேயே ஆத்திரம் வந்தது.

சொல்வதற்கு எல்லாம் என்னிடம் இருந்தது தம்பி. உங்களுக்குப் பகட்டுக் காட்டத்தான் வாங்கினார், நான் தலையால் அடித்துக்கொண்டேன், என்னை விட்டுவிட்டு எவனிடமோ வாங்கினார் என்று. நான் கேட்க வந்த கேள்வியை வன்னியராஜனே கேட்கிறார். கோயம்புத்தூரிலிருந்து இதற்குத்தானே வந்தேன்? நான் சொன்னால் அது பொய்யும் இல்லை. நான் பொய் சொல்கிறவன் இல்லை.

அப்போது தவசிலிங்கம் வாசலிலிருந்து எங்களைப் பார்த்தார். பன்னீர்ச் செம்பு கையில், யாரோ வணக்கம் சொல்கிறார்கள், அவருக்கு அது கண்ணில் படவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார். முப்பது வருஷத்தில் எத்தனையோ வாடிக்கையாளர் முகம் பார்த்திருக்கிறேன். இன்னது வேண்டும் என்று அவ்வளவு தெளிவாக ஒரு முகம் என்னிடம் கேட்டதில்லை. நான் எதையும் கேட்டு உறுதி செய்ய வேண்டியிருக்கவில்லை.

"அவர் எங்கீங்க வாங்கினாரு? நான் வாங்க வச்சேன்" என்றேன்.

"நீங்கதான் வேண்டாம்னீங்களே?"

"அது ஒரு வியாபாரத் தந்திரமுங்க. நாலு பேர் முன்னால வேண்டாம்னு சொன்னா, இவன் நல்லவன்னு நம்புவாங்க. அப்புறம் தனியா வந்து பேசினா எதைச் சொன்னாலும் வாங்கிக்குவாங்க. அவர் வெள்ளந்தியான மனுசன். மழைக்கு இதுதான் ஒரே வழின்னு சொல்லித் தலையில கட்டிட்டேன்."

வாயிலிருந்து எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தது மாதிரி கோர்வையாக வந்தது. என்னைப் பற்றி யாராவது கெட்டது சொல்ல நினைத்தால்கூட அவ்வளவு கச்சிதமாகச் சொல்ல முடியாது.

வன்னியராஜன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அன்னைக்கு உங்களைப் பத்தி எங்க ஊர்ல போய்ச் சொன்னேன்யா. இப்படியும் ஒரு வியாபாரி இருக்காருன்னு" என்றார். "சே" என்று ஒரு சத்தம். ஆனால் முகம் தெளிந்துவிட்டது. தோளிலிருந்து மூட்டையை இறக்கின மாதிரி நேராகத் தவசிலிங்கத்திடம் நடந்தார். நானும் பின்னால் போய் நின்றேன். அவர் தோளில் கை போட்டு, "என்ன சம்பந்தி, இந்த ஆள் பேச்சைக் கேட்டு இப்படி ஏமாந்துட்டீங்களே? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?" என்றார்.

தவசிலிங்கம் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். புரியாமல் இருந்திருக்கவும் கூடும். எனக்குத் தெரியவில்லை. பிறகு சம்பந்தி பக்கம் திரும்பி, என் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்.

"ஆமா சம்பந்தி. இனிக்க இனிக்கப் பேசி மோசம் பண்ணிட்டான். வீட்டுல சோறு போட்டோம்."

சோறு போட்டோம் என்றார் தம்பி. அதை அவர் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டுமா? ஏமாற்றிவிட்டான் என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர் பாட்டுக்குச் சமாளிக்கிறார் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். சோற்றை எதற்கு இழுத்தார்? மனதில் இருந்ததைத்தான் சொன்னாரோ? அன்று கூடத்தில் நான் பேசி முடித்ததிலிருந்து என்னைப் பற்றி அவர் நினைத்துக்கொண்டிருந்தது இதுதானோ? அப்படியென்றால் பத்திரிகையை எதற்கு அவ்வளவு தூரம் வந்து வைத்தார்?

கெட்டிமேளம் கேட்கிறதா? எழுந்திருங்கள். அட்சதைத் தட்டு இந்தப் பக்கம் வருகிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிற்று. கட்டிவிட்டான். அந்தப் பெண் அழுகிறது, இல்லை, சிரிக்கிறது. இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நாலு பேர் என்னைக் காட்டி என்னவோ பேசுகிறார்கள் பாருங்கள். உங்களையும் கூப்பிடுகிறார்கள். போங்கள். இல்லை, கொஞ்சம் இருங்கள், தவசிலிங்கம் இந்தப் பக்கம்தான் வருகிறார். கூட சம்பந்தியும் வருகிறார். இப்போது கேட்டுவிடலாம். கேட்கட்டுமா?

கேட்டீர்களா அவர் சொன்னதை? "சாப்பிட்டுட்டுப் போங்க சார்." நின்றுகூடச் சொல்லவில்லை, நடந்துகொண்டே. சாராம். இத்தனை மாதத்தில் என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

நீங்கள் போங்கள் தம்பி, தேடுகிறார்கள். இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உங்களையும் ஏதாவது சொல்வார்கள். பந்தி கூட்டமாக இருக்கும். நான் கொஞ்சம் பொறுத்துப் போகிறேன்.